பத்தாவது ஆள்

சூரியன் இறங்கப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. சாவு வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் நிற்கிறார்கள். ஒருவர் வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்க்கிறார். இன்னொருவர் கைப்பேசியில், "கிளம்பிட்டீங்களா? எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நியூயார்க் ஆனாலும் எருசலேம் ஆனாலும் மெல்பர்ன் ஆனாலும், யூதர்களின் சாவு வீட்டில் இது நாள்தோறும் நடப்பதுதான். பத்தாவது ஆள் வந்தால்தான் இறந்தவருக்காகச் சொல்லும் கதிஷ் என்ற ஜெபத்தைச் சொல்ல முடியும். நிற்கிற ஒன்பது பேரும் பெரிய பண்டிதர்களாக இருந்தாலும் முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் இருந்தால் முடியும்.

யூத மரபில் ஆறுதலைப் பற்றி எழுதியிருப்பதைப் புரட்டினால் மனசைப் பற்றிய பேச்சு குறைவாகவும் கணக்கு நிறையவும் இருக்கும். எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு உயரமான முக்காலி, யார் முதலில் வாய் திறப்பது. முதல் பார்வைக்கு வறட்டுச் சட்டமாகத் தெரியும். இரண்டு மூன்று சாவு வீடுகளில் இந்தச் சட்டம் எப்படி நடக்கிறது என்று கவனித்தால் ஒன்று பிடிபடும்: துக்கத்தில் இருப்பவர் எதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது என்றுதான் இத்தனை கணக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள். யூத அறிஞர்களின் பழைய விவாதங்களைத் தொகுத்த நூலான தால்மூதில் ஒரு கதை உண்டு. நோயில் கிடந்தவரைக் கைகொடுத்து எழுப்பிவிட்டவர் ரபி, அதாவது மதகுரு, யோகனான். பிறகு அவரே நோயில் விழுந்தார். வேறொருவர் வந்து கைகொடுத்தால்தான் அவரால் எழ முடிந்தது. அடுத்தவரை எழுப்பியவரால் தன்னை எழுப்பிக்கொள்ள முடியாதா என்று கேள்வி வருகிறது. சிறைப்பட்டவன் தன்னைத் தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்வதில்லை என்பது அங்கே சொல்லப்படும் பதில்.

மூச்சு நின்றதிலிருந்து அடக்கம் முடியும்வரை உள்ள நேரத்துக்கு அனினூத் என்று பெயர். முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் அடக்கம் செய்துவிடுவார்கள். இந்த நேரத்தில் தாய், தகப்பன், மகன், மகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகிய நெருங்கிய உறவுகளுக்குத் தினசரி ஜெபக் கடமைகூட இல்லை. இறைச்சியும் மதுவும் தொடக் கூடாது. யாரும் ஆறுதல் சொல்லவும் கூடாது. இதைப் பலர் தவற விடுகிறார்கள். பிணம் வீட்டில் கிடக்கும்போது ஆறுதல் சொல்லாதே என்பது, தால்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற நூலின் காலத்து அறிவுரை. அந்த நேரத்துக்குத் தேவை வேலை செய்ய ஆள். அடக்க அனுமதிச் சீட்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம், வெளியூர் உறவுகளுக்குத் தகவல் என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள, குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒரே ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் கல்லறைக்காரருக்கு நான்கு விதமான நேரம் போய்ச் சேரும்.

உடலைப் பொறுத்தவரை எல்லாம் ஹெவ்ரா கதீஷாவின் கையில். 'புனிதக் கூட்டம்' என்று பொருள். பெரும்பாலும் ஊதியம் வாங்காத தொண்டர்கள். தச்சரும் இருப்பார், பல் மருத்துவரும் இருப்பார். பிராக் நகரத்து ஹெவ்ரா கதீஷா 1564ல் தொடங்கியது. ஆணின் உடலை ஆண்களும் பெண்ணின் உடலைப் பெண்களும் கழுவுவார்கள், நான்கைந்து பேர் கொண்ட குழுவாக. வெதுவெதுப்பான நீரால் பகுதி பகுதியாகத் துடைத்து, கழுவாத பகுதியைத் துணியால் மூடியே வைத்திருப்பார்கள். உடலுக்கு மேலாகப் பொருளைக் கைமாற்றிக் கொடுக்க மாட்டார்கள். சுற்றிப் போய்த்தான் கொடுப்பார்கள். வேலைக்குத் தேவையான பேச்சும் ஜெபமும் தவிர வேறு பேச்சு கிடையாது. அதன் பிறகு தஹாரா: ஒன்பது கவ் அளவு நீர், ஏறத்தாழ 22 லிட்டர், உடல்மேல் அறுபடாமல் ஒரே ஒழுக்காக விழ வேண்டும். இரண்டு அல்லது மூன்று வாளிகள் வைத்துக்கொள்ளலாம், நான்கு கூடாது. முதல் வாளி தீர்வதற்குள் இரண்டாவது தொடங்கியிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். வாளியைத் தூக்கத் தாமதித்து நீர் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து ஊற்ற வேண்டும். அதனால் மூன்று பேரும் வாளியைத் தூக்கிப் பிடித்துத் தயாராக நின்ற பிறகே முதல் ஆள் சாய்ப்பார்.

பிறகு வெள்ளை லினன் அல்லது பருத்தி உடுப்பு. அதில் பை வைக்க மாட்டார்கள். இறுக்கி முடிச்சும் போட மாட்டார்கள், சுருக்காகத் திருகிவிடுவார்கள். கோடீஸ்வரருக்கும் கூலித் தொழிலாளிக்கும் ஒரே துணி. ஒரு காலத்தில் அடக்கச் செலவு தாங்காமல் உடலை விட்டுவிட்டு உறவுகள் ஓடிய நிலை இருந்ததாம். பெரும் தலைவரான ரப்பான் கம்லியேல், தன்னை எளிய லினன் துணியிலேயே அடக்கம் செய்யச் சொல்லி வழிகாட்டினார் என்று தால்மூத் எழுதி வைத்திருக்கிறது. எல்லாம் முடிந்ததும் குழுவினர் இறந்தவரின் பெயரைச் சொல்லி, எங்களை அறியாமல் உங்கள் கண்ணியத்துக்குக் குறை வைத்திருந்தால் மன்னியுங்கள் என்று கேட்டுக்கொள்வார்கள். இந்த வேலைக்கு யூதர்கள் வைத்திருக்கும் பெயர் 'உண்மையான அன்பு'. செத்தவர் பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்பதால் அந்தப் பெயர்.

கல்லறைத் தோட்டத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று மண்வெட்டி. அதைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார்கள். மண்ணில் குத்தி வைத்துவிட்டு நகர்ந்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார். மற்றது ஷூரா, அதாவது வரிசை. அடக்கம் முடிந்ததும் வந்தவர்கள் எதிரெதிராக இரண்டு வரிசையாக நிற்க, துக்கத்தில் இருப்பவர்கள் நடுவே நடந்து வெளியேறுவார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. ஆதியில் துக்கத்தில் இருப்பவர் நிற்க, ஊரார் ஒவ்வொருவராகக் கடந்து போனார்களாம். எருசலேமில் இரண்டு குடும்பங்கள் 'நாங்கள்தான் முதலில் போவோம்' என்று மல்லுக்கட்டியதால், நீங்கள் நில்லுங்கள், அவர்கள் நடக்கட்டும் என்று மாற்றிவிட்டார்கள். சாவு வீட்டு முன்னுரிமைச் சண்டை எந்த ஊருக்கும் புதிதில்லை போலும்.

அந்த வரிசையில் சொல்வதும், பிறகு ஏழு நாளும் வீட்டிலிருந்து விடைபெறும்போது சொல்வதும் ஒரே வாக்கியம்: "சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுகிற மற்ற எல்லாரோடும் சேர்த்து ஹமாகோம் உங்களைத் தேற்றுவாராக." ஹமாகோம் என்றால் 'இடம்', கடவுளுக்கு உள்ள பெயர்களில் ஒன்று. 'மற்ற எல்லாரோடும் சேர்த்து' என்பதைப் பாருங்கள். உன் வலியைப் போல எனக்கும் வந்தது என்று சொல்லவில்லை. துக்கப்படுகிறவர்களின் நீண்ட வரிசையில் உங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்கிறது. ஸ்பெயின் வழியில் வந்த யூதர்களான செஃபார்திகள் இதைவிடச் சுருக்கமாக, "வானத்திலிருந்து ஆறுதல் பெறுவீர்களாக" என்பார்கள். இது தெரியாமல் தவிக்கிறவர்கள் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கலாம், ஒன்றும் குறையில்லை. சொந்தமாக வாக்கியம் யோசிக்கப் போய்த்தான் பலர் உளறுகிறார்கள்.

இப்போது வீடு. ஷிவா என்றால் ஏழு. அடக்கம் நடந்த நாள்தான் முதல் நாள்; செவ்வாய்க்கிழமை அடக்கம் என்றால் அடுத்த திங்கள் காலை முடிந்துவிடும். ஏழாம் நாளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே முழு நாள் கணக்கு. நடுவில் வரும் ஷப்பாத், அதாவது சனிக்கிழமை ஓய்வு நாள், ஏழில் சேரும், ஆனால் அன்று வெளிப்படையாகத் துக்கம் காட்டுவதில்லை. பெரும் பண்டிகை குறுக்கிட்டால், அதற்கு முன்பே தொடங்கிவிட்ட ஷிவா அத்தோடு முடிந்தது. பண்டிகைக்கு நடுவே அடக்கம் நடந்தால் ஷிவா பண்டிகை தீர்ந்த பிறகே தொடங்கும். நாள் கணக்கில் சிக்கல் வருவது பெரும்பாலும் பண்டிகையால்தான், அதனால் அடக்க நாளன்றே ரபியிடம் கேட்டு, முடியும் தேதியையும் நேரத்தையும் எழுதி வாசலில் ஒட்டிவிடுவது நல்லது.

கல்லறையிலிருந்து குடும்பம் திரும்புவதற்குள் அக்கம்பக்கத்தார் வீட்டைத் தயார் செய்துவிட வேண்டும். வாசலில் கை கழுவ ஒரு செம்பும் தண்ணீரும். ஏழு நாள் நின்று எரியும் ஒரு மெழுகுவத்தி. திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காமல் உலோகத் தட்டின் மேல். கண்ணாடிகளுக்குத் துணி மூடல். குளியலறைக் கண்ணாடியை எல்லா வீட்டிலும் மறந்துவிடுவார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தரையிலிருந்து மூன்று கைப்பிடி அகலத்துக்கு மேற்படாத, அதாவது 25 முதல் 30 செ.மீ. உயர முக்காலி. முழங்கால் வலி உள்ள முதியவரோ கர்ப்பிணியோ சாதாரண நாற்காலியில் உட்காரலாம், வற்புறுத்தக் கூடாது. தோல் காலணி கூடாது என்பதால் துணிச் செருப்பு. வருகிறவர்களுக்கு 20, 30 நாற்காலி. இஸ்ரேலில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கை இரவல் கொடுக்கவே தொண்டு அமைப்புகள் உண்டு. பத்துப் பதினைந்து ஜெபப் புத்தகம், தலைக்குக் குல்லாக்கள். எருசலேமை நோக்கி நின்றுதான் ஜெபிப்பார்கள், அது எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் கிழக்கு, கொச்சியில் மேற்கு. நாற்காலி போடும் ஆளுக்கு இது தெரியாவிட்டால் முதல் ஜெபத்திலேயே எல்லாரும் எழுந்து திரும்பி முட்டிக்கொள்வார்கள்.

வீடு திரும்பியதும் அவர்கள் சாப்பிடும் முதல் வேளை அடுத்தவர் வீட்டுச் சாப்பாடாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு சேவுதாத் ஹவ்ராவா என்று பெயர். ரொட்டி, வேகவைத்த முட்டை, பருப்பு. முட்டைக்கும் பருப்புக்கும் வாய் இல்லை, துக்கப்படுகிறவருக்கும் வாய் இல்லை என்பது பழைய விளக்கம். உருண்டையாக இருப்பதால் உருளும் சக்கரம் போன்ற வாழ்வு என்று இன்னொன்று. ஆளுக்கு இரண்டு முட்டை வீதம் வேகவைத்து ஓடு உரித்தே வையுங்கள். உட்கார்ந்திருப்பவர் முட்டை ஓட்டோடு போராடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது கொடுமை. சட்டப்படி அந்த ஒரு வேளை மட்டும்தான் கட்டாயம். மற்ற ஆறு நாளும் சமைத்துக் கொண்டுவருவது வழக்கம். சாவு வீட்டில் அடுப்பு எரியாமல் இருப்பது நமக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவர்களிடம் தீட்டு இதற்குக் காரணமில்லை. தானே எழுந்து சமைத்துச் சாப்பிடும் மனம் அவருக்கு இருக்காது, எனவே ஊர் ஊட்ட வேண்டும் என்பதே காரணம்.

இந்தச் சாப்பாட்டைப் பற்றித் தால்மூதின் மொஏத் காத்தான் என்ற நூலில் உள்ள பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பணக்காரர் வீட்டுச் சாவுக்கு வெள்ளி, தங்கக் கூடைகளிலும் ஏழை வீட்டுக்குப் பட்டை உரித்த வில்லோ குச்சிக் கூடைகளிலும் உணவு கொண்டுபோனார்களாம். ஏழைகள் கூசிப்போனார்கள். அதனால் எல்லாருக்கும் குச்சிக் கூடையே என்று விதித்துவிட்டார்கள். பானமும் அப்படியே: பணக்கார வீட்டில் வெள்ளைக் கண்ணாடிக் குவளை, ஏழை வீட்டில் நிறக் கண்ணாடி, இனி எல்லாருக்கும் நிறக் கண்ணாடி. பஞ்சத்தில் முகம் கறுத்துப்போன ஏழைகளின் பிணத்தை மட்டும் மூடி எடுத்துப் போய், பணக்காரரின் முகத்தைத் திறந்து வைத்தார்கள். இனி எல்லா முகத்தையும் மூடு. ஒவ்வொரு தடவையும் ஏழையை மேலே தூக்காமல் பணக்காரரைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் வெள்ளிக் கூடை வாங்க ஊரால் முடியாது. குச்சிக் கூடையை யாராலும் பின்ன முடியும்.

இன்றைக்கு அந்தக் கூடையின் இடத்தில் அலுமினியத் தட்டு. முதல் நாள் இரவு ஒரே வீட்டுக்கு ஏழு லசான்யா வந்து குளிர்பெட்டி மூடாது. ஐந்தாம் நாள் பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பார்கள். சாப்பாட்டில் அடிக்கடி நேரும் கோளாறு இதுதான். தீர்வு எளிது: சாப்பாட்டுக்கென்று ஒரு ஆள், ஒரு பட்டியல், ஒரு வேளைக்கு ஒரே வீடு. வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள், யாருக்கு எது ஒவ்வாது, கோஷெர் எனப்படும் யூத உணவு விதியை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கிறார்கள் என்று அவரே கேட்டு எழுதிக்கொள்வார். கோஷெர் வீட்டில் இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது, பாத்திரமும் தனித்தனி. கொண்டுவருகிறவர்களுக்கு அந்த வீட்டின் எந்தத் தட்டு எதற்கென்று தெரியாது. என் யோசனை, வாரம் முழுவதும் பால் வகை மட்டும் என்று முடிவு செய்துவிடுவது. தூக்கி எறியும் தட்டு, கரண்டி. கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் குடும்பம் என்றால் வீட்டுச் சமையலே வேண்டாம், சான்றிதழ் உள்ள கடையிலிருந்து முத்திரையோடு வரட்டும். அதற்காக யாரும் மனம் கோணக் கூடாது. திரும்ப வேண்டிய பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டுங்கள். பூங்கொத்து வேண்டாம், அது யூத வழக்கமில்லை. இறந்தவர் பெயரில் தர்மத்துக்குக் கொடுக்கலாம்.

வருகிறவர் சாப்பிடலாமா? இது வீட்டுக்கு வீடு மாறும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழியில் வந்த அஷ்கெனாசி வீடுகள் பலவற்றில் வந்தவர்கள் ஒன்றும் வாயில் போடுவதில்லை. மொராக்கோ, ஈராக், ஏமன் வழியில் வந்த வீடுகளில் தட்டு நிறையப் பேரீச்சை, கொட்டைகள், பழத்துண்டு, பலகாரம் வைத்திருப்பார்கள். மரத்துக் கனிக்கு ஒரு ஆசீர்வாதம், மண்ணில் விளைந்ததற்கு இன்னொன்று என்று சொல்லிச் சாப்பிட வேண்டும். சொல்லும் ஒவ்வொரு ஆசீர்வாதமும் இறந்தவரின் ஆன்மாவுக்கு. அங்கே போய் 'வேண்டாம், வேண்டாம்' என்று மறுப்பது பண்பு இல்லை.

இனி, போய் உட்காரும் விதம். கதவு பூட்டியிருக்காது. தட்ட வேண்டாம், மணியும் அடிக்க வேண்டாம். தட்டினால் துக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்து வரவேற்க வேண்டியதாகிவிடும், அந்த வாரம் அவர் யாரையும் வரவேற்பதில்லை. ஷாலோம் என்ற வணக்கமும் கிடையாது. அவர் கண்ணில் படும்படி அருகே போய் உட்காருங்கள். அவர் வாய் திறக்கும்வரை நீங்கள் பேசக் கூடாது. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை; யோபு தொடங்கிய பிறகே பேசினார்கள். சட்டம் அங்கிருந்து வந்தது. அவர்கள் பேசத் தொடங்கிய பிறகு எல்லாம் கெட்டுப்போனது வேறு கதை. சாவு வீட்டுக்குப் போனதன் பலன் மௌனத்துக்குத்தான் என்கிறது தால்மூத்.

ஐந்து நிமிட மௌனம் பழக்கமில்லாதவருக்கு மலையாகத் தெரியும். அதைத் தாங்க முடியாமல் வருவதுதான் 'நல்ல வயசுதானே', 'இன்னொரு பிள்ளை இருக்கிறானே', 'தைரியமாக இருக்கணும்', 'எனக்கு இப்படி ஆனபோது' எல்லாம். 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்பதும் அதே கூட்டம்தான். கேட்கும் வேலையைத் திரும்ப அவர் தலையிலேயே கட்டுகிறது. அவர் பேசினால் இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: எந்த ஊரில் வளர்ந்தார், என்ன வேலை பார்த்தார், எதற்குச் சிரிப்பார். அவர் கால்பந்தாட்டம் பேசினால் கால்பந்தாட்டம். அழுதால் தடுக்க வேண்டாம். இருபது நிமிடம், மிஞ்சிப் போனால் அரை மணி. அவர் தலையை அசைத்துவிட்டால் வந்தவர்கள் அதற்கு மேல் உட்காரக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் தலையசைப்பை யாரும் கவனிப்பதில்லை. அதனால் வாசலில் நேரம் எழுதி ஒட்டி, மதியம் இரண்டு மணி நேரமும் இரவு ஒன்பதரைக்கு மேலும் யாரும் வர வேண்டாம் என்று சொல்வதும், மிஞ்சி உட்காருகிறவரைக் கையைப் பிடித்து மெதுவாக வெளியே கூட்டிப் போக ஒரு பக்கத்து வீட்டுக்காரரை வைப்பதும் வேலை செய்யும்.

தொலைவில் இருப்பவர்? 20ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் மோஷே ஃபைன்ஸ்டைன், தொலைபேசியில் ஆறுதல் சொன்னால் கடமையில் ஒரு பகுதி நிறைவேறும், நேரில் போக முடிந்தவருக்கு அது போதாது என்றார். கொரோனா வந்த 2020ல் இந்தக் கேள்வி எல்லாரையும் பிடித்தது. யூதப் பிரிவுகளில் ஒன்றான கன்சர்வேட்டிவ் இயக்கத்தின் சட்டக் குழு, நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் என்று காணொளி வழி பத்துப் பேரை ஏற்றது. மரபை இறுக்கிப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் தரப்பு பெரும்பாலும் ஏற்கவில்லை; எதிரெதிர் பால்கனிகளிலும் முற்றங்களிலும் நின்று பத்தைக் கூட்டினார்கள்.

பத்துக்கு வருவோம். மின்யான் என்றால் எண்ணிக்கை. ஆர்த்தடாக்ஸ் வழக்கில் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர். கன்சர்வேட்டிவ், சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்களும் எண்ணிக்கையில் உண்டு. கதிஷ் பெரும்பகுதி அரமேய மொழியில் இருக்கிறது. சாவைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. முழுக்கக் கடவுளின் பெயரைப் போற்றுவதுதான். துக்கத்தில் இருப்பவர் சொல்லச் சொல்ல, நடுவில் கூட்டம் உரக்கப் பதில் சொல்லும்: "அவருடைய மகத்தான பெயர் என்றென்றும் போற்றப்படுக." பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கதிஷுக்கு வடிவமே இல்லை. பெற்றோருக்காக 11 மாதம், நாள்தோறும். தீயவரின் ஆன்மாவுக்குத் தீர்ப்பு 12 மாதம் நடக்கும் என்பது நம்பிக்கை. பெற்றவர்களைத் தீயவர் கணக்கில் சேர்த்ததாக ஆகிவிடக் கூடாது என்று ஒரு மாதம் குறைத்தார்கள்.

முதல் முறை சொல்பவருக்கு அரமேயம் நாக்கில் புரளாது. அவரவர் எழுத்தில் அச்சிட்ட அட்டை கொடுங்கள், பழகிய ஒருவர் தோளோடு தோள் நின்று அரை நொடி முன்னால் சொல்லட்டும். நான்கைந்து பேர் சேர்ந்து சொல்லும்போது வேகமாக ஓடுகிறவரால் புதியவர் நடுவழியில் நின்றுபோவார். மெதுவாகச் சொல்பவரின் வேகமே எல்லாருக்கும் வேகம் என்று கப்பாய், அதாவது ஜெபக்கூட நிர்வாகி, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பெண்கள் சொல்லலாமா என்பது நெடுநாள் வாக்குவாதம். ஹதாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பைத் தொடங்கிய ஹென்ரியெட்டா சோல்ட் எட்டும் பெண்களாகப் பிறந்த குடும்பத்தில் வளர்ந்தவர். 1916ல் அவர் தாய் இறந்தபோது குடும்ப நண்பர் ஒருவர் நான் உங்களுக்குப் பதிலாகச் சொல்கிறேன் என்றார். நன்றி சொல்லிக் கடிதம் எழுதி மறுத்துவிட்டு, அதை மகளாகத் தானே சொல்ல வேண்டும் என்றார் சோல்ட்.

சாவு வீட்டு மின்யானில் பத்துப் பேரை அழைத்தால் எட்டுப் பேர் வருவார்கள். பதினான்கு பேரிடம் உறுதி வாங்குங்கள். மாலை ஜெபத்தையும் இரவு ஜெபத்தையும் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி அடுத்தடுத்து வைத்தால் ஒரே வருகையில் இரண்டும் முடியும். காலை மின்யான்தான் கடினம். வேலைக்குப் போகிறவர்கள் ஆறரைக்கு வந்து ஏழே காலுக்குக் கிளம்ப முடிகிற மாதிரி நேரம் வையுங்கள். சின்ன ஊரில் இந்த எண் ஒரு சமூகத்தின் உயிர்நாடியைக் காட்டிவிடும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில், பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்ட பிறகு, சுற்றுலா வந்த யூதப் பயணிகளையும் சேர்த்துத்தான் பத்தை எட்ட முடிந்தது.

துக்கத்தில் இருப்பவர் ஷிவாவில் வேலைக்குப் போகக் கூடாது. கையில் காசில்லாத ஏழை? முதல் மூன்று நாள் அவரும் வேலை செய்யக் கூடாது. அதன் பிறகு பிழைப்புக்கு வழியே இல்லையென்றால் வீட்டுக்குள் மறைவாகச் செய்யலாம் என்று அனுமதித்துவிட்டு, தால்மூதின் இன்னொரு தொகுப்பான எருசலேம் தால்மூத் அடுத்த வரியில், அந்த நிலைக்கு அவரைத் தள்ளிய அண்டை வீட்டாருக்குச் சாபம் வரட்டும் என்கிறது. சாபம் வேலை செய்த ஏழைக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு. ஆகவே முதல் நாளே விசாரிக்க வேண்டியது சாப்பாட்டை மட்டும் அல்ல. தினக்கூலியா, கடை மூடிக் கிடக்கிறதா, வாடகை நாள் எப்போது? வட்டியில்லாக் கடன் கொடுக்கும் கெமாக் நிதி பல ஊர்களில் உண்டு. உறைக்குள் பணத்தைக் கூடத்தில் எல்லார் முன்னாலும் நீட்டக் கூடாது.

ஊரே துக்கத்தில் விழுந்தால் யார் யாருக்குச் சமைப்பது? 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, அமெரிக்காவில் பிட்ஸ்பர்கின் ஸ்குவிரல் ஹில் பகுதியில் மூன்று சபைகள் ஒன்றாகப் பயன்படுத்திய ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயக் கட்டடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 54 வயதிலிருந்து 97 வயதுவரை. ட்ரீ ஆஃப் லைஃப் சபையில் ஏழு பேர், நியூ லைட்டில் மூன்று, டோர் ஹதாஷில் ஒருவர். அந்த நேரத்தில் வந்திருந்தவர்கள் பெரும்பாலும் விடாமல் வருகிறவர்கள், ஜெபத்தை நடத்துகிறவர்கள், வாசலில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்கள். மற்றவர் துக்கத்துக்குப் பத்தாவது ஆளாக நின்றவர்களே போய்விட்டார்கள். உடல்கள் அரசுப் பரிசோதனையில் இருந்தபோதும் தொண்டர்கள் முறைவைத்துக் காவல் உட்கார்ந்தார்கள், தனியாக விடக் கூடாது என்ற விதிப்படி. வேறு சபைகளும் வேறு ஊர்களும் வேறு மதத்தவரும் வந்து இடத்தை நிரப்பினார்கள். முஸ்லிம் அமைப்புகள் திரட்டிய நிதி குடும்பங்களுக்குப் போனது. ஆறுதல் சொல்ல வேண்டியவரே துக்கத்தில் இருக்கும்போது அடுத்த ஊரின் பட்டியல் வேலை செய்தாக வேண்டும்.

ஏழாம் நாள் காலை, ஜெபம் முடிந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்த பின் வந்தவர்கள் "எழுந்திருங்கள்" என்பார்கள். பலர் குடும்பத்தோடு தெருவை ஒரு சுற்று நடந்து வருவார்கள். ஏழு நாள் வெளியே கால் வைக்காதவர்கள் கூட்டமாக நடப்பதைப் பார்த்துத் தெருவுக்குப் புரிந்துவிடும். அன்று நண்பகலுக்குள் நாற்காலிகளும் முக்காலிகளும் திரும்பிப் போய்விடும். எட்டாம் நாள்தான் மோசமானது. நூறு பேர் வந்த வீட்டில் தொலைபேசிகூட அடிக்காது. சமூகத்தின் ஏற்பாடு பெரும்பாலும் இங்கே ஓட்டை விடுகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஷ்லோஷிம் எனப்படும் முப்பது நாள்வரை சவரம், கொண்டாட்டம் போன்ற தடைகள் தொடர்கின்றன, ஆனால் சாப்பாட்டுப் பட்டியல் ஏழோடு நின்றுவிடுகிறது. பட்டியல் போட்டவர் அதிலேயே பத்தாம் நாள், பதினேழாம் நாள், முப்பதாம் நாள் என்று மூன்று பெயர்களை எழுதி வைக்கட்டும். ஆளுக்கு ஒரு வேளை, அல்லது ஒரு ஷப்பாத் விருந்து. தினமும் கதிஷ் சொல்லக் காலையில் ஜெபக்கூடம் போகிறவர் அதனாலேயே நாளுக்கு ஒரு முறையாவது பத்துப் பேரைப் பார்த்துவிடுகிறார். கணவனையோ பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ இழந்தவருக்குக் கதிஷ் முப்பது நாளோடு நின்றுவிடும், அவரைத்தான் மறந்துவிடுவோம்.

பெற்றோருக்கான துக்கம் 12 எபிரேய மாதம். எபிரேய நெட்டாண்டில் அதார் மாதம் இரண்டு முறை வருவதால் வருஷம் 13 மாதமாகும். அப்போது துக்கம் நினைவு நாளுக்கு ஒரு மாதம் முன்பே முடிந்துவிடும். நினைவு நாளுக்கு யார்ட்ஸைட் என்று பெயர். 24 மணி நேரம் எரியும் மெழுகுவத்தியை முந்தின நாள் சூரியன் மறையும் முன் ஏற்ற வேண்டும். யூத நாள் மாலையில் தொடங்குகிறது, காலையில் ஏற்றினால் பாதி நாள் போய்விட்டது. ஆங்கிலத் தேதியை நம்பினால் வருடாவருடம் தவறும்; எபிரேயத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் கதிஷ் உண்டு, அதற்கும் பத்துப் பேர் வேண்டும். கப்பாயிடம் ஒரு வாரம் முன்னால் சொல்லி வையுங்கள். ஜெபம் முடிந்ததும் வந்தவர்களுக்குக் கொடுக்க ஒரு கேக்கும் சின்னப் பாட்டில் விஸ்கியும் எடுத்துப் போவது அஷ்கெனாசி வழக்கம். காகிதக் குவளை மறந்துவிடும், அதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.